கட்டெறும்புக்கு மணி அடிப்பது யார்?

சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுகின்ற இடத்தில் இருக்கிறது இருக்கன்குடி. ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று அங்கே போயிருப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: அந்த இரவில் ஊர் தூங்குவதில்லை. சுற்று வட்டாரங்களிலிருந்து நடந்தே வருகின்ற கூட்டம் விடிய விடிய வந்துகொண்டிருக்கும். நள்ளிரவு கடந்தும் கடைகளில் வியாபாரம் நடக்கும். மற்ற நாட்களில் எட்டு மணிக்கே கண்ணயர்ந்துவிடும் குழந்தைகள்கூட அன்றைக்கு விழித்திருக்கும். பொழுது சாய்ந்து வெகுநேரம் ஆகிவிட்டது என்று உடல் சொல்கிறது. திருவிழா இன்னும் முடியவில்லை என்று ஊர் சொல்கிறது. அன்றைக்கு ஊர் சொல்வதுதான் நடக்கிறது.

அதே ஆற்றங்கரையில், ஒரு வேப்பமரத்தடியில் சிந்திக் கிடக்கும் வெல்லத்தைப் பாருங்கள். சற்று நேரத்தில் கட்டெறும்புகள் சாரை பிடித்து வந்துவிடும். கன்னங்கரேலென்று, தலை பெருத்து, கடித்தால் சுரீரென்று வலிக்கும் எறும்பு இது. நம்மைப் போலவே இதுவும் கூடி வாழ்கின்ற உயிர். இந்த எறும்பு எப்போது புற்றைவிட்டுப் புறப்பட வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதை முடிவு செய்வது எது? வானத்தில் உள்ள சூரியனா? அதன் உடலுக்குள்ளே இருக்கும் ஏதாவது ஒன்றா? அல்லது புற்றிலுள்ள மற்ற எறும்புகளா?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறு மிக நீண்டது. அதன் முக்கியமான பகுதி ஒன்று, இருக்கன்குடியிலிருந்து அதிகத் தொலைவில்லாத மதுரையில் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப் போகிறோம்.

புளிய மரம் சொன்ன செய்தி

நம் ஊர்ச் சாலையோரப் புளிய மரங்களை மாலையில் கவனித்திருப்பீர்கள். இருட்டத் தொடங்கியதும் அவற்றின் சிற்றிலைகள் இணை இணையாக மடிந்துகொள்ளும். காலையில் மறுபடியும் விரியும். கி.மு. நான்காம் நூற்றாண்டில் மாவீரன் அலெக்சாந்தரின் படையுடன் கிழக்கே வந்த ஆண்ட்ரோஸ்தெனீஸ் என்ற கிரேக்கர், பாரசீக வளைகுடாவில் உள்ள தீவொன்றில் இதைக் கண்டு எழுதிவைத்தார். உயிர்களின் அன்றாட ஒழுங்கைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய குறிப்புகளில் அது ஒன்று.

ஒளி வந்தால் இலை விரிகிறது, ஒளி போனால் மூடுகிறது. இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டாயிரம் ஆண்டுகள் வரை எல்லோரும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். 1729-இல் பிரெஞ்சு வானியல் அறிஞர் தெ மெய்ரான் ஓர் எளிய சோதனை செய்தார். தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை வெயில் படாத இருட்டான இடத்தில் வைத்தார். சூரியனையே பார்க்காத அந்தச் செடி, பகல் வேளையில் இலையை விரித்தது. இரவு வேளையில் மூடியது! வெளியே பொழுது விடிந்ததைச் செடிக்குச் சொன்னவர் யாரும் இல்லை. அப்படியானால் பொழுதைக் கணக்கிடும் ஏதோ ஒன்று செடிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். இதைத்தான் இன்று நாம் உயிர்க் கடிகாரம் என்கிறோம்.

காலை உணவுக்கு வந்த தேனீக்கள்

செடிக்கு இருப்பது பூச்சிக்கும் உண்டா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவரும் எறும்பு ஆராய்ச்சியாளருமான ஆகஸ்ட் ஃபோரல், கோடைக் காலத்தில் வீட்டுத் திறந்த முற்றத்தில் அமர்ந்து காலை உணவு உண்பது வழக்கம். மேசையில் உள்ள பழப்பாகைத் தேடித் தேனீக்கள் வந்தன. சில நாட்களில் அவை சரியாக உணவு நேரத்துக்கே வரத் தொடங்கின. ஒரு நாள் மேசையில் பாகு வைக்கப்படவில்லை. வாசனைக்குக்கூட எதுவும் இல்லை. இருந்தும் அந்த நேரத்துக்குத் தேனீக்கள் வந்து வட்டமிட்டன.

இந்தச் செய்தியைச் சோதனைக்கு உட்படுத்தியவர், தேனீக்களின் நடனமொழியைக் கண்டறிந்து பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ் அவர்களின் மாணவி இங்கபோர்க் பேலிங். அவருடைய ஆராய்ச்சி 1929-இல் வெளிவந்தது. குறித்த நேரத்தில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பழக்கிய தேனீக்கள், தண்ணீர் வைக்காத நாளிலும் அதே நேரத்துக்கு வந்தன. ஆனால் 24 மணிக்கு ஒருமுறை என்ற கணக்கில் பழக்கினால்தான் அவை கற்றுக்கொண்டன. 19 மணிக்கு ஒருமுறை என்று பழக்க முயன்றபோது முடியவில்லை. தேனீயின் கடிகாரம் நாம் விரும்பியபடி ஓடுவதன்று. பூமியின் சுழற்சிக்கு ஏற்ப அமைந்தது அது.

சூரியனிடமிருந்து நமக்குத் தெரியாத ஏதாவது குறிப்பைத் தேனீ பெற்றுக்கொள்கிறதோ என்ற ஐயம் அப்போதும் இருந்தது. 1955-இல் மாக்ஸ் ரென்னர் அதையும் தீர்த்து வைத்தார். பாரிசில் ஒரு மூடிய அறையில் பழக்கிய தேனீக்களை ஒரே இரவில் விமானத்தில் நியூயார்க்குக்குக் கொண்டு சென்றார். அங்கே அதே போன்ற மற்றோர் அறையில் அவை, நியூயார்க் நேரத்தைப் பொருட்படுத்தாமல், பாரிஸ் நேரப்படியே உணவுத் தட்டுக்கு வந்தன. கடிகாரம் தேனீயோடு சேர்ந்தே கடல் கடந்துவிட்டது!

பழ ஈயும் பத்தொன்பது மணி நாளும்

வாழைப்பழக் குலையைச் சுற்றிப் பறக்கும் சின்னஞ்சிறு பழ ஈக்களை அறியாதவர் இல்லை. கூட்டுப்புழுவின் உறையைப் பிளந்துகொண்டு ஈ வெளிவருவது பெரும்பாலும் விடியற்காலையில்தான். விடியலில் காற்றில் ஈரம் மிகுதி. புதிதாக வெளிவந்த ஈயின் மென்மையான சிறகுகள் உலர்ந்து சுருங்காமல் விரிய அந்த ஈரம் உதவும். அந்த வேளையைத் தவறவிட்ட ஈ, உடல் வளர்ச்சி முடிந்திருந்தாலும், அடுத்த விடியல் வரை உறைக்குள்ளேயே காத்திருக்கிறது.

அமெரிக்காவில் ஆராய்ந்த காலின் பிட்டென்டிரிக் 1954-இல் ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டார். பொதுவாக வெப்பநிலை 10 பாகை கூடினால் உடலில் நடக்கும் வேதியியல் வினைகள் இரண்டு மூன்று மடங்கு விரைவாகும். பழ ஈயின் கடிகாரமோ குளிரிலும் வெப்பத்திலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடியது. இது எவ்வளவு அவசியம் என்று எண்ணிப் பாருங்கள். சாத்தூர்க் கரிசலில் சித்திரை வெயிலில் ஒரு வேகமும், மார்கழிப் பனியில் ஒரு வேகமுமாக ஓடினால் அந்தக் கடிகாரத்தால் பூச்சிக்கு என்ன பயன்?

கடிகாரம் உடலில் எங்கே, எதனால் ஆகியிருக்கிறது? 1971-இல் கலிஃபோர்னியாவில் ரொனால்டு கொனோப்காவும் சீமோர் பென்சரும் விந்தையான மூன்று பழ ஈ வகைகளைக் கண்டார்கள். ஒன்றின் நாள் ஏறத்தாழ 19 மணி. மற்றொன்றின் நாள் 28 மணி. மூன்றாவதற்கோ நாள் கணக்கே இல்லை. மூன்றிலும் பழுதாகியிருந்தது ஒரே ஒரு மரபணு. அதற்குப் 'பீரியட்' என்று பெயரிட்டார்கள். அது வேலை செய்யும் விதத்தை விளக்கியதற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவரும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள்.

அந்த விதத்தை நம் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். தொட்டி நிறைந்ததும் உள்ளே உள்ள மிதவை உயர்ந்து குழாயை அடைத்துவிடுகிறது. தண்ணீர் செலவாகிக் குறைந்ததும் மிதவை இறங்குகிறது, குழாய் திறக்கிறது. மரபணுவின் கட்டளைப்படி உருவாகும் புரதமும் இப்படித்தான். உயிரணுவில் சேர்ந்து நிறைந்ததும் அதுவே தன் மரபணுவை அடைத்துவிடுகிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து குறைகிறது. மரபணு மறுபடி திறக்கிறது. நிறைந்து குறையும் இந்தச் சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கிறது.

'ஏறத்தாழ' என்பதைக் கவனியுங்கள். சரியாக 24 மணி அன்று. கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். எனவே நாள்தோறும் கடிகாரத்தைத் திருத்தி வைக்க வேண்டும். திருத்துகின்ற வேலையைச் செய்வது முதன்மையாகச் சூரிய ஒளி. ஒளியே இல்லாத இடத்தில் வாழும் உயிர் என்ன செய்யும்? மதுரைக்காரர்கள் எழுப்பிய கேள்வி இதுதான்.

சென்னைக் கடற்கரையிலிருந்து மதுரைக்கு

எம்.கே. சந்திரசேகரன் 1937-இல் பிறந்தவர். இளமையில் சென்னைக் கடற்கரையில், அலை வந்து மீளும் ஈர மணலில் புதைந்து வாழும் ஒருவகைச் சிறு நண்டை ஆராய்ந்தார். கடலிலிருந்து எடுத்து ஆய்வுக்கூடத்தில் வைத்த பின்னும் அந்த நண்டு, கடல் ஏற்ற இறக்கத்தின் கணக்கையும் இரவு பகல் கணக்கையும் மறக்கவில்லை. அந்த ஆராய்ச்சி 1965-இல் வெளிவந்தது. பிறகு ஜெர்மனியில் டூபிங்கன் நகருக்குச் சென்று, உயிர்க் கடிகார ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவரான எர்வின் பூனிங் அவர்களிடம் பணியாற்றினார். அங்கே அவர் எடுத்துக்கொண்டது பழ ஈ.

முழு இருட்டில் வளரும் ஈக்களுக்குச் சில நிமிடங்கள் மட்டும் ஒளி காட்டினால் போதும், அவை உறையிலிருந்து வெளிவரும் நேரம் மாறிவிடும். அவற்றின் இரவில் முன்பகுதியில் ஒளி பட்டால், பொழுது இன்னும் சாயவில்லை என்று எண்ணுவதுபோல் கடிகாரம் பின்னே தள்ளிப்போகிறது. பின்பகுதியில் பட்டால், விடிந்துவிட்டது என்பதுபோல் முன்னே நகர்கிறது. இந்த நுட்பங்களை ஆராய்ந்து பெயர்பெற்ற பின் அவர் தாய்நாடு திரும்பினார். 1970-களின் நடுவில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தை ஆராய்ச்சியைத் தொடங்கி வளர்த்தார். 1978-இல் காமராசர் பெயரைப் பெற்ற பல்கலைக்கழகம் அதுவே.

வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் இருந்த விலையுயர்ந்த கருவிகள் இங்கே இல்லை. ஆனால் அங்கே இல்லாத ஒன்று இங்கே இருந்தது. மதுரையைச் சுற்றிலும் பாறைக் குன்றுகள்; குன்றுகளில் குகைகள்; குகைகளில் வௌவால்கள்.

குகைக்குள் ஒரு கேள்வி

இது பூச்சியைப் பற்றிய கட்டுரை. இடையில் வௌவால் ஏன் என்று நினைக்க வேண்டாம். அந்த வௌவால்கள் பூச்சிகளைத் தின்று வாழ்பவை. பூச்சிகள் பறக்கும் வேளையில் அவை வெளியே வந்தால்தான் வயிறு நிறையும். குகையின் உட்பகுதியிலோ எந்நேரமும் ஒரே இருட்டு. வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றே. வெளியே பொழுது சாய்ந்துவிட்டது என்று அவற்றுக்கு எப்படித் தெரிகிறது?

ஜி. மாரிமுத்து, ஆர். சுப்பராஜ், சந்திரசேகரன் ஆகியோர் ஒரு வௌவாலைப் பிடித்து, அது அசைவதைப் பதிவுசெய்யும் கூண்டில் தனியே வைத்தார்கள். கூண்டைக் குகைக்குள், மற்ற வௌவால்கள் வாழும் இடத்திலேயே வைத்தார்கள். கூண்டில் இருந்தது வெளிச்சத்தைக் காண வழியில்லை. இருந்தும், கூட்டத்தார் மாலையில் கிளம்பும் அதே நேரத்தில் அதுவும் நாள்தோறும் சிறகடிக்கத் தொடங்கியது. அடுத்து, கூட்டமே இல்லாத குகையில் அதே சோதனையைச் செய்தார்கள். இப்போது அந்த வௌவாலின் நேரம் நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நழுவியது. சில நாட்களில் வெளியுலக மாலைக்கும் அதன் மாலைக்கும் தொடர்பே இல்லாமல் போனது.

இதன் பொருள் தெளிவானது. குகைவாயிலுக்குச் சென்று வெளிச்சத்தைப் பார்த்துவரும் சில வௌவால்கள் இருக்கின்றன. அவற்றின் பரபரப்பே மற்றவற்றுக்கு மணியோசை. ஒளி திருத்துவதைப் போலவே உறவும் கடிகாரத்தைத் திருத்துகிறது. 1978-இலும் 1981-இலும் இந்த முடிவுகள் வெளிவந்தபோது உலக அறிஞர்கள் கவனித்தார்கள். 1983-இல் மதுரைக் குழு இன்னொன்றையும் காட்டியது. வேற்று இனத்து வௌவால் ஒன்றை அதே குகையில் வைத்தால் அது இந்த மணியோசையைக் கேட்பதில்லை. தன் இனத்தார் எழுப்பும் குரலுக்குத்தான் கடிகாரம் செவிசாய்க்கிறது.

கட்டெறும்புப் புற்றில் ஷிப்ட்

வௌவால்கள் கூடி வாழ்ந்தாலும் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: பறப்பது, பூச்சி பிடிப்பது. வேலையைப் பங்கு பிரித்துக்கொள்ளும் சமூகத்தில் என்ன நடக்கும்? இந்தக் கேள்விக்குத்தான் நம் கட்டெறும்பு வருகிறது. சந்திரசேகரன் பின்னாளில் பெங்களூருவில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்துக்குச் சென்றார். அங்கே விஜய்குமார் சர்மாவும் மற்றவர்களும் அவரோடு சேர்ந்து கட்டெறும்பை ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2004-இல் வெளிவந்தன. அறிவியலார் இந்த எறும்புக்கு வைத்த பெயர் காம்போனோட்டஸ் கம்ப்ரஸ்ஸஸ்.

ஒரு புற்றில் முட்டையிடும் அரசி உண்டு. சிறகுள்ள ஆண்கள் உண்டு. வேலைக்கார எறும்புகள் மூன்று அளவில் இருக்கும்: பெரியவை, நடுத்தரமானவை, சிறியவை. ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வோர் எறும்பையும் தனித்தனியே பிரித்துவைத்து அதன் நடமாட்டத்தைப் பதிவு செய்தார்கள். முதலில் 12 மணி ஒளி, 12 மணி இருள். பிறகு எந்நேரமும் இருள்.

பெரிய எறும்புகள் இரவில் உழைத்துப் பகலில் ஓய்ந்தன. தொடர் இருளிலும் அவற்றில் பெரும்பாலானவை தம் ஒழுங்கை விடவில்லை. நடுத்தர எறும்புகளில் ஏறத்தாழ 75 விழுக்காடு இரவில் நடமாடின. மீதி 25 விழுக்காடு பகலில் நடமாடின. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே புற்று. ஆனால் சிலருக்கு இரவு ஷிப்ட், சிலருக்குப் பகல் ஷிப்ட்! இதைவிட வியப்பு, தொடர் இருளில் வைத்தபோது நடந்தது. ஆறு முதல் ஒன்பது நாட்களுக்குப் பின் அவற்றின் கடிகாரம் வேகத்தை மாற்றிக்கொண்டது. 24 மணிக்குக் குறைந்த நாள் கொண்டவை கூடுதலான நாளுக்கு மாறின. கூடுதலானவை குறைந்த நாளுக்கு மாறின. இது ஷிப்ட் மாற்றத்தின் அடையாளமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். இராஜபாளையத்து நூற்பாலையில் வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறுகின்ற தொழிலாளிக்கு இந்தச் செய்தி புதிதாகத் தோன்றாது.

சிறிய எறும்புகளோ ஒளிக்கும் கட்டுப்படவில்லை, இருளிலும் ஒழுங்கு காட்டவில்லை. எந்நேரமும் கொஞ்சம் நடமாட்டம், கொஞ்சம் ஓய்வு, அவ்வளவுதான். அரசியின் கதை இன்னும் சுவையானது. கன்னி அரசிக்கும் ஆண் எறும்புக்கும் சீரான நாளொழுங்கு இருந்தது. புணர்ச்சிக்காகப் புற்றைவிட்டுப் பறந்து செல்ல இருபாலும் ஒரே வேளையில் வெளிவர வேண்டும் அல்லவா? கூடிய பிறகு முட்டையிடும் காலத்தில் அரசியிடம் அந்த ஒழுங்கு காணப்படவில்லை. முட்டையிட்டு முடிந்ததும் அது மீண்டும் தோன்றியது. பிள்ளை பெற்ற வீட்டில் இரவேது, பகலேது என்று நம் பாட்டிமார் சொல்வது எறும்புக்கும் பொருந்துகிறது.

ஒரே இனம், ஒரே புற்று, ஒரே வகை மரபணு. இருந்தும் செய்யும் வேலைக்கு ஏற்றபடி கடிகாரம் வெவ்வேறு முகம் காட்டுகிறது. இது இந்த ஆராய்ச்சி உணர்த்தும் பாடம். எறும்புகளைத் தனியே பிரித்துப் பார்த்த சோதனை இது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புற்றுக்குள் ஆயிரம் துணைகளின் நடுவே அதே எறும்பு வேறுவிதமாகவும் நடக்கக்கூடும்.

தாதித் தேனீயின் கடிகாரம் நின்றுவிட்டதா?

ஒழுங்கு காட்டாத சிறிய எறும்புக்குக் கடிகாரமே இல்லையா, அல்லது இருந்தும் அதை அது பயன்படுத்தவில்லையா? இத்தகைய ஐயத்துக்குத் தேனீக்கள் நல்ல விளக்கம் தருகின்றன.

தேன்கூட்டில் இளம் தேனீக்கள் தாதிகள். புழுக்களுக்கு உணவூட்டும் அவை இரவு பகல் பாராமல் உழைக்கின்றன. ஏறத்தாழ மூன்று வாரம் ஆனதும் வெளியே சென்று தேனும் மகரந்தமும் கொண்டுவரத் தொடங்குகின்றன. அப்போது பகலில் உழைப்பு, இரவில் உறக்கம் என்ற சீரான நாளொழுங்கு வந்துவிடுகிறது. இது வயதால் வருவதா, வேலையால் வருவதா? கை பிளாக், ஜீன் ராபின்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2001-இல் இதற்கு விடை கண்டார்கள். கூட்டில் தாதிகள் இல்லாமற்போனால், வெளிவேலைக்குப் போய்க்கொண்டிருந்த மூத்த தேனீக்களில் சில மறுபடி தாதி வேலைக்குத் திரும்பும். அப்படித் திரும்பியவை மீண்டும் இரவு பகல் பாராமல் உழைத்தன. வயது பின்னோக்கிப் போகவில்லை, வேலைதான் மாறியது.

தாதித் தேனீயைக் கூட்டிலிருந்து எடுத்துத் தனியே வைத்தால், அது விரைவிலேயே சீரான நாளொழுங்கைக் காட்டுகிறது என்பதும் பிறகு தெரியவந்தது. ஆகவே கடிகாரம் நிற்கவில்லை. உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. புழுக்களின் அருகில் இருந்தவரை தேனீ அதைப் பார்க்காமல் வேலை செய்தது. 2016-இல் பிளாக் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். ஒளி ஒரு நேரத்தையும் கூட்டத்தார் வேறொரு நேரத்தையும் காட்டுமாறு இளம் தேனீக்களை வைத்தபோது, அவை கூட்டத்தாரின் நேரத்தையே பின்பற்றின. சூரியனைவிட உறவு வலியது என்று காட்டிய சோதனை இது.

கூட்டு வாழ்க்கை இல்லாத பழ ஈயும்கூட இதற்கு விலக்கு அன்று. 2002-இல் ஜோயல் லெவினும் மற்றவர்களும் பழ ஈக்களைத் தனியாகவும் கூட்டாகவும் வளர்த்துப் பார்த்தார்கள். கூடி இருந்தவற்றின் நேரங்கள் ஒன்றோடொன்று நெருங்கி இருந்தன. கடிகாரம் பழுதான ஈக்களை விருந்தாளிகளாக இடையே விட்டபோது, நல்ல ஈக்களின் ஒற்றுமையும் கலைந்தது. ஒன்றின் மணத்தை மற்றொன்று உணர்ந்து நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்று தெரிந்தது.

நமக்கு என்ன?

எறும்பும் தேனீயும் எப்போது தூங்கினால் நமக்கு என்ன என்று கேட்பவர்கள் இருக்கலாம். முதலில் உழவர்களைப் பற்றிச் சொல்கிறேன். சூரியகாந்தி வயலிலும் தோட்டப் பயிரிலும் பூச்சிமருந்து அடிப்பவர்கள், காலை வேளையில் அடித்தால் மகரந்தம் சேர்க்க வரும் தேனீக்கள் மடிகின்றன. தேனீ இல்லாவிட்டால் மணி பிடிக்காது. வெளிவேலை முடிந்து தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய பின், மாலை சாய்ந்து மருந்தடித்தால் இழப்பு குறையும். பூச்சியின் கடிகாரத்தை அறிந்தவர் தம் விளைச்சலையும் காத்துக்கொள்கிறார்.

அடுத்தது நம் உடல். பட்டாசுத் தொழில் வெடிமருந்தோடு பழகுவது. பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டியது. ஆனால் அதே சிவகாசியில் நாட்காட்டி அச்சிடும் பருவத்தில் அச்சகங்கள் இரவிலும் ஓடுகின்றன. நூற்பாலைகள் மூன்று ஷிப்டிலும் ஓடுகின்றன. மருத்துவமனைச் செவிலியரும் இரவுப் பேருந்து ஓட்டுநரும் ஊர் தூங்கும்போது விழித்திருக்கிறார்கள். உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007-இலும், மறுபடியும் 2019-இலும், இரவு ஷிப்ட் வேலையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. நம் கடிகாரம் அவ்வளவு எளிதில் மாறுவதன்று.

'எறும்பைப் பார்த்து உழைக்கக் கற்றுக்கொள்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். எறும்பிடம் கற்க வேண்டியது அது மட்டுமன்று. கட்டெறும்புப் புற்று 24 மணியும் விழித்திருப்பது உண்மை. ஆனால் இரவும் பகலும் பல பேருக்குப் பங்கிடப்பட்டிருக்கிறது. ஷிப்ட் மாறும் நடுத்தர எறும்பின் உடற்கடிகாரமும் கூடவே மாறிக்கொடுக்கிறது. தாதித் தேனீக்கு இரவு உழைப்பு வாழ்நாள் முழுதும் இல்லை, சில வாரங்கள்தான். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அவற்றின் உடலும் சமூகமும் சேர்ந்தே உருவானவை. நாமோ மின்விளக்கைக் கண்டுபிடித்து நூற்றைம்பது ஆண்டுகூட ஆகாத நிலையில், பழைய உடலை வைத்துக்கொண்டு புதிய ஷிப்ட் போட்டிருக்கிறோம். திருவிழாவுக்காக ஓர் இரவு விழிப்பதை உடல் பொறுத்துக்கொள்ளும். வாரந்தோறும் மாறும் ஷிப்டை அது பொறுப்பது கடினம். ஷிப்ட் அட்டவணை போடுகின்றவர்கள் தொழிலாளியின் கையில் உள்ள கடிகாரத்தோடு அவன் உடலில் உள்ள கடிகாரத்தையும் பார்த்துப் போட வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

சந்திரசேகரன் 2009-இல் மறைந்தார். அவர் தொடங்கிய கேள்விகள் இன்னும் முடியவில்லை. அவற்றில் ஒன்றைத் தொட்டுப் பார்க்க உங்களுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

வீட்டருகில் கட்டெறும்பு ஏறி இறங்கும் மரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அடிமரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள். காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை, மணிக்கு ஒருமுறை, ஐந்து நிமிடத்தில் எத்தனை எறும்புகள் கோட்டைக் கடக்கின்றன என்று எண்ணி எழுதுங்கள். பெரியவை எத்தனை, நடுத்தரமானவை எத்தனை என்று பிரித்து எழுதினால் இன்னும் நல்லது. இருட்டில் பார்க்க டார்ச் விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள்; சிவப்பு ஒளி எறும்பை அதிகம் கலைக்காது. கையை மட்டும் மரத்தின் மேல் வைக்காதீர்கள்! ஒரு நாள் போதாது. ஒரு வாரம் செய்யுங்கள். கோடையில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் செய்தால், வெயில் கட்டெறும்பின் ஷிப்டை மாற்றுகிறதா என்பதும் தெரியும்.

எண்களை வரைபடத் தாளில் புள்ளிகளாக வைத்து இணைத்துப் பாருங்கள். எந்த மணியில் கோடு ஏறுகிறது, எந்த மணியில் இறங்குகிறது? பெரிய எறும்புக்கும் நடுத்தர எறும்புக்கும் ஒரே கோடா, வெவ்வேறு கோடா? உங்கள் ஊர்க் கட்டெறும்பின் நாளைப் பற்றி உலகில் எந்த நூலிலும் எழுதப்படாத ஒரு செய்தி அந்தத் தாளில் இருக்கக்கூடும்.